சின்ன பாடி கிட்டாருக்கு ஹார்ட் கேஸ்: அளந்து பார்த்து வாங்கும் முறை

ட்ரெட்நாட் என்ற பெரிய பாடி கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு தேவைப்படாது. கடையில் கிடைக்கும் கேஸ்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்குச் செய்தவைதான். பார்லர், 0, 00 (இவை சின்ன பாடி அளவுகளின் பெயர்கள்), முக்கால் சைஸ் பயண கிட்டார் என்று வாங்கியவர்களுக்குத்தான் தலைவலி. "சின்ன பாடிக்கு" என்று எழுதிய கேஸை வாங்கி வந்து உள்ளே வைத்தால், ஒன்று கிட்டார் ஆடும், இல்லையென்றால் மூடி மூடாது. என் 00-வுக்குக் கேஸ் தேடியபோது தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கிட்டாரை வெளியே எடுத்துப் போவதே இல்லை என்பவருக்குத் தடித்த கிக் பேக் (மெத்தை வைத்த துணிப் பை) போதும்.

படி 1: பெயரை விடுங்கள், அளவெடுங்கள்

பார்லர் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் பார்லர் இன்னொரு கம்பெனியின் 0-வைவிடப் பெரிதாக இருக்கலாம். மார்ட்டின் கம்பெனியின் கணக்குதான் ஓரளவுக்குப் பொது மொழி: பாடியின் கீழ் அகலம் 0-வுக்கு 13 1/2 அங்குலம், 00-வுக்குச் சுமார் 14 5/16, 000-வுக்கு 15, ட்ரெட்நாட்டுக்கு 15 5/8. உங்கள் கிட்டார் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

கீழ் அகலம், இடுப்பு, மேல் அகலம், பாடி நீளம், மொத்த நீளம், ஆழம் எல்லாம் வேண்டும். ஆழத்தை இரண்டு இடத்தில் எடுங்கள்: அடிப்பக்கம் ஒன்று, நெக் பாடியோடு சேரும் இடத்தில் ஒன்று. பெரும்பாலான கிட்டார்களில் அடிப்பக்கம்தான் ஆழம் கூடுதல். தையல் டேப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன், வளைவோடு சேர்ந்து அதுவும் வளையும். துண்டு விரித்து கிட்டாரை மல்லாக்க வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடித்த புத்தகத்தை நிமிர்த்தி, தொட்டும் தொடாமலும் நிறுத்துங்கள். இரண்டு புத்தகத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலில் எடுத்தால் சரியான அகலம். நீளம் எடுக்கும்போது ஸ்ட்ராப் பட்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் அங்குலத்தை விட்டுவிட்டால் கேஸ் முழுவதுமே தப்பாகிவிடும்.

எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலும் குறித்து வையுங்கள். ஐரோப்பியக் கேஸ்களின் அளவுப் பட்டியல் அதில்தான் இருக்கும்.

படி 2: கேஸின் உள்ளளவோடு ஒப்பிடுங்கள்

விற்பனைப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பது வெளியளவாக இருக்கலாம். உள்ளளவு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பாடியைச் சுற்றிக் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை இடைவெளி இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் துணியோ ஃபோமோ வைத்து அடைக்க வேண்டியிருக்கும். அடைக்கலாம், தப்பில்லை. ஆனால் பாடி கேஸைவிடப் பெரிதாக இருந்தால் எதுவும் செய்வதற்கில்லை.

அகலம் ஒத்துப்போனதும் சந்தோஷப்பட்டு வாங்கிவிடாதீர்கள். டெய்லர் கம்பெனியின் ஜிஎஸ் மினி என்ற சின்ன கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ் அகலம் 14 3/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 00. ஆனால் பாடி நீளம் 17 5/8 தான். 14 ஃப்ரெட் 00-வில் (நெக் 14-ஆவது ஃப்ரெட்டில் பாடியோடு சேரும் வகை) அது 18 7/8. ஆழமோ 4 7/16, 00-வைவிடப் பெரிய 000-வின் 4 1/8-ஐவிடவும் கூடுதல். அகலத்தை மட்டும் நம்பி 00 கேஸ் வாங்கினால் நீள வாக்கில் ஓர் அங்குலத்துக்கு மேல் காலியாக இருக்கும், மேலே மூடி இடிக்கும். அதே டெய்லரின் பேபிக்கு இன்னும் சின்னக் கேஸ் வேண்டும். பேபி டெய்லருக்கும் மார்ட்டினின் சின்ன கிட்டாரான எல்எக்ஸுக்கும் பொதுவாக எஸ்கேபி கம்பெனியின் 300 என்று ஒரு கேஸ் உண்டு.

12 ஃப்ரெட், 14 ஃப்ரெட் வித்தியாசமும் இங்கேதான் வரும். 12 ஃப்ரெட் 00-வின் பாடி நீளம் 19 5/8 அங்குலம். அதே 00 பெயர்தான், முக்கால் அங்குலம் நீளம்.

படி 3: கிளாசிக்கல் கேஸையும் பாருங்கள்

0, 14 ஃப்ரெட் 00 வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரின் கேஸைத்தான். அதன் பாடி சுமார் 14 1/2 அங்குல அகலம், 19 அங்குல நீளம், 4 அங்குல ஆழம். கிளாசிக்கல் கேஸ் எல்லா விலையிலும் எல்லாத் தரத்திலும் கிடைக்கும். 00-வுக்கென்றே தேடினால் இவ்வளவு தேர்வு இருக்காது. கிளாசிக்கல் நெக் அகலமானது, நட் (நெக்கின் மேல் முனையில் கம்பிகள் படியும் பட்டை) பக்கம் 52 மி.மீ.; நம் ஸ்டீல் கம்பி கிட்டாரில் 43, 44 தான் இருக்கும். அதனால் நெக் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். இரண்டு பக்கமும் பருத்தித் துணியைச் சுருட்டி வைத்தால் சரியாகிவிடும்.

படி 4: நெக் தாங்கி (இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்)

அளவெல்லாம் பொருந்திய பிறகும் என்னை நிறுத்தி வைத்தது இந்த இடம்தான். கேஸுக்குள் நெக்குக்குக் கீழே மெத்தை போட்ட ஒரு தாங்கி இருக்கும். பாடி தரையில் முழுவதும் படிய வேண்டும், நெக் அந்தத் தாங்கியை லேசாகத் தொட வேண்டும், ஹெட் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) எதன் மேலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

கேஸ் ஆழமான பாடிக்காகச் செய்ததாக இருந்தால் தாங்கி உயரமாக இருக்கும். நம் பாடி ஆழம் குறைவு என்பதால் நெக்கும் தாழ்வாகவே வரும். அப்போது தாங்கி நெக்கைத் தூக்கிப் பிடிக்கும், பாடியின் மேல் பாதி தரையைத் தொடாது. கிட்டாரின் எடை முழுவதும் நெக்கிலும் அடிப்பக்கத்திலும் மட்டும் நிற்கும். கேஸ் கீழே விழுந்தால் அடி நேராக நெக் இணைப்புக்குப் போகும். தாங்கி மிகத் தாழ்வாக இருந்தாலும் ஆபத்துதான்: ஹெட் கேஸின் தரையில் உட்கார்ந்துவிடும். கேஸ் மல்லாக்க விழும்போது ஹெட் உடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சோதிக்க ஒரு பேப்பர் துண்டு போதும். கிட்டாரை வைத்து, தாங்கிக்கும் நெக்குக்கும் நடுவே பேப்பரை நுழையுங்கள். லேசான பிடிப்போடு உருவ வந்தால் சரி. தாராளமாக வந்தால் தாங்கி தாழ்வு, இறுக்கிப் பிடித்தால் உயரம். அப்புறம் பாடியின் மேல் விளிம்பை ஒரு விரலால் மெல்ல அழுத்துங்கள். அசைந்தால் பாடி அந்தரத்தில் நிற்கிறது. அதற்கு மருந்து நெக்கில் இல்லை, பாடிக்கு அடியில் இருக்கிறது: மூடியை இடிக்காதபடி, பாடி முழுவதற்கும் ஒரே தடிமனில் ஃபோம் விரித்து உயர்த்துங்கள். தாங்கி தாழ்வு என்றால் அதன் மேல் துணியை மடித்துச் சேர்த்தால் போதும்.

மூடிக்கும் இதே சோதனைதான். பிரிட்ஜுக்கு (பாடியில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) மேல் பேப்பரை வைத்து, ஒரு முனை வெளியே நீட்டியிருக்க மூடி, இழுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் மூடி பிரிட்ஜை அழுத்துகிறது, அந்தக் கேஸ் வேண்டாம். பிரிட்ஜ் பக்கம் கம்பி மேற்பலகையிலிருந்து அரை அங்குலம் உயரத்தில் ஓடுவதை ஆழம் அளக்கும்போது மறந்துவிடுவோம்.

கடைசியாக, தாழ்ப்பாள்களைப் போட்டு, கேஸைத் தூக்கி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே "டொம்" என்று சத்தம் வந்தால் இன்னும் அடைக்க வேண்டும்.

படி 5: எந்த மாதிரி ஓடு?

காரிலும் ரயிலிலும் போவதற்கு நான் பிளைவுட் கேஸையே எடுப்பேன். கனம்தான், ஆனால் உள்ளே ஃபோம் ஒட்டுவது, தாங்கியை மாற்றுவது எல்லாம் சுலபம். ஏபிஎஸ் (கெட்டி பிளாஸ்டிக்) கேஸ் கனம் குறைவு, மழைக்கும் நல்லது. ஆனால் உள்வடிவம் அச்சில் வார்த்தது, மாற்றிக்கொள்ள இடம் கொடுக்காது. பேருக்குத்தான் கேஸ் என்று சொல்லும்படியான, துணி போர்த்திய அழுத்தமான ஃபோம் பெட்டிகள் தோளில் மாட்ட வசதி, மேலே சாமான் அடுக்குவதற்கு இல்லை. கூடுதல் செலவு பரவாயில்லை என்றால் ஹிஸ்காக்ஸ் கம்பெனியின் கேஸைப் பாருங்கள், கனமும் பலமும் நல்ல சமநிலை. விமானத்தில் சரக்காகப் போகும் என்றால் கார்பன் ஃபைபர், கால்டன் மாதிரியான ஃபைபர் கிளாஸ் வகையறா. அது வேறு பட்ஜெட்.

எந்தக் கேஸாக இருந்தாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். பசை இளகும். கேஸ் அடியைத் தாங்கும், சூட்டைத் தாங்காது.

பின்னால் சேர்த்தது

கிளாசிக்கல் கேஸ் வாங்கிய ஒருவர் பின்னூட்டத்தில் ஹெட் உள்ளே போகவில்லை என்று எழுதியிருந்தார். நியாயமான சிக்கல், மேலே நான் சொல்லவில்லை. கிளாசிக்கல் ஹெட்டில் ட்யூனர் குமிழ்கள் பின்பக்கம் பார்த்து நிற்கும். ஸ்டீல் கம்பி கிட்டாரில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். வடிவத்துக்கு ஒட்டி வார்த்த கேஸ்களில் ஹெட் அறை குறுகலாகவே இருக்கும். குமிழோடு சேர்த்து ஹெட் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

அடைக்க யோகா மேட் துண்டு வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். பழைய கிட்டார், நைட்ரோ லாக்கர் பூச்சு என்றால் வேண்டாம். வினைல், ரப்பர் வகைகள் அந்தப் பூச்சோடு வினைபுரிந்து தழும்பு விடும். ஃபோமை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் எந்தப் பூச்சுக்கும் ஆபத்தில்லை.