கேம் கன்சோலை வீட்டின் பொழுதுபோக்கு மையமாக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய கேம் கன்சோல் வாங்கும் பேச்சு எழுந்தாலே கூடவே ஒரு வாதமும் வந்துவிடும்: "விளையாட்டுக்கு மட்டுமா வாங்குகிறோம்? படம், பாட்டு, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்." ஒரு காலத்தில் இந்த வாதம் முழுக்க நியாயமானது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி படங்களையும் ஓட்டியது. தனியாக டிவிடி பிளேயர் வாங்கும் செலவு மிச்சமானது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3, புளூ-ரே தட்டுகளுக்கு அதே உதவியைச் செய்தது. டிவியால் தனியாகச் செய்ய முடியாத வேலையை அன்று கன்சோல் செய்தது. இன்று நெட்ஃபிளிக்ஸும் யூடியூப்பும் டிவிக்குள்ளேயே குடியிருக்கின்றன. பழைய கணக்கை இன்றைக்கும் அப்படியே போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பல இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தயாரிப்பாளர்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 2013இல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை வரவேற்பறை முழுவதற்குமான பெட்டியாகவே முன்வைத்தது. செட்-டாப் பாக்ஸை இணைக்கத் தனியாக ஒரு எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும்) உள்ளீடு, குரலுக்கும் கையசைவுக்கும் கட்டுப்பட கினெக்ட் கேமரா என்று எல்லாம் கொடுத்தது. போட்டிக் கன்சோலைவிட விலை கூடியதுதான் மிச்சம். மறு ஆண்டே கினெக்ட் இல்லாமல் விற்கத் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த தலைமுறையான சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும் அந்த உள்ளீடே கிடையாது.

ஆகவே வாங்கும் முன் ஒரு தாளில் கன்சோலிடம் எதிர்பார்க்கும் வேலைகளை எழுதுங்கள். உங்கள் டிவி இப்போதே ஒழுங்காகச் செய்பவற்றை அடித்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் விளையாட்டும், தட்டு ஓட்டுவதும் மட்டுமே எஞ்சும். டிவி பழையதாகி அதன் செயலிகள் திணறுகின்றன என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குறை ஒன்றுக்காகக் கன்சோல் வாங்குவது வீண் செலவு. டிவியில் செருகி இணையவழிப் படம் பார்க்கும் கையடக்கமான ஒரு ஸ்ட்ரீமிங் கருவியே அதைத் தீர்த்துவிடும்.

தட்டு ஓட்டுவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 4கே படத்தை இணையவழி பார்க்க நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் நொடிக்கு 15 மெகாபிட். 4கே புளூ-ரே தட்டிலிருந்து நொடிக்கு 128 மெகாபிட் வரை தரவு வரலாம். இருட்டுக் காட்சிகளில், புகை படரும் காட்சிகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஒலியில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் எல்லாக் கன்சோலிலும் தட்டு போட இடம் இருப்பதில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பு, பிளேஸ்டேஷன் 5 ப்ரோ ஆகியவை தட்டு இயக்கி இல்லாமலேயே வருகின்றன. புதிய பிளேஸ்டேஷன் 5 மாடல்களில் இயக்கியைப் பிறகு வாங்கிப் பொருத்தலாம். முதல் முறை இணைக்கும்போது இணையத் தொடர்பு வேண்டும். வீட்டில் ஆடியோ சிடி சேகரிப்பு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: பிளேஸ்டேஷன் 5 சிடியை ஓட்டாது, தட்டு இயக்கி உள்ள எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஓட்டும். வெளிநாட்டில் வாங்கிய டிவிடி, சாதாரண புளூ-ரே தட்டுகளுக்கு மண்டலப் பூட்டு உண்டு, அதாவது வேறு பகுதிக்கான தட்டு உங்கள் கருவியில் ஓடாமல் போகலாம். 4கே தட்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

செயலிகள் விஷயத்தில் "எல்லாம் இருக்கும்" என்று எண்ணிக்கொள்வது அடுத்த தவறு. நின்டெண்டோ ஸ்விட்சில் நெட்ஃபிளிக்ஸ் இல்லை. விளையாட்டுக்கு அருமையான கருவிதான், ஆனால் அதைப் பொழுதுபோக்கு மையம் என்று சொல்லி வீட்டாரைச் சம்மதிக்க வைக்காதீர்கள். உங்கள் டிவி டால்பி விஷனை (வெளிச்சத்தையும் நிறத்தையும் காட்சிக்கேற்பச் சரிசெய்யும் பட வடிவம்) காட்டும் என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுத்திருந்தால், பிளேஸ்டேஷன் 5 அதை ஆதரிப்பதில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளில் ஸ்ட்ரீமிங் செயலிகளுக்கு அது உண்டு. செயலி இருக்கிறதா என்பதோடு நிற்காமல், எந்தத் தரத்தில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

படங்களைக் கன்சோலின் கடையிலேயே விலைக்கு வாங்கிச் சேர்ப்பதைத் தவிர்க்கும்படி அழுத்திச் சொல்வேன். சோனி 2021 ஆகஸ்ட் கடைசியோடு பிளேஸ்டேஷன் கடையில் படங்கள் விற்பதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கியவற்றைப் பார்க்கலாம் என்று இரு நிறுவனங்களும் அறிவித்தன. ஆனாலும் 2022இல் ஜெர்மனி, ஆஸ்திரியா வாடிக்கையாளர்கள் பணம் கொடுத்து வாங்கிய பல படங்கள் உரிம ஒப்பந்தக் காரணத்தால் அவர்கள் சேகரிப்பிலிருந்து நீக்கப்பட்டன. விற்பனையே நின்றுபோன கடைகளை நம்பிச் சேகரிப்பு தொடங்குவதில் பொருளில்லை.

இனி, விளம்பரங்கள் வாயே திறக்காத ஒரு விஷயம்: ரிமோட். படம் பாதியில் இருக்கும்போது கதவு மணி அடிக்கிறது. சோபாவில் கிடக்கும் கன்ட்ரோலரை எடுக்கிறீர்கள். நெடுநேரம் தொடாததால் அது உறங்கிவிட்டது. நடுப் பொத்தானை அழுத்தி, அது விழித்து இணையும்வரை காத்திருந்து, பிறகு நிறுத்தும் பொத்தானைத் தேட வேண்டும். அதற்குள் இரண்டு வசனங்கள் ஓடிவிடும். விழித்திருந்தாலும் சிக்கல்தான்: பல செயலிகளில் கன்ட்ரோலரின் பின்புற விசைகள் படத்தை முன்னும் பின்னும் ஓட்டுபவை. எடுத்து வைக்கும்போதே விரல் பட்டுக் காட்சி எங்கோ தாவிவிடும். விளையாடிப் பழகியவருக்கு இது பொருட்டல்ல. செய்தி பார்க்க உட்காரும் பெரியவருக்கு இது பெரும் துன்பம். இரண்டு நாள் பார்த்துவிட்டு அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டார். பிளேஸ்டேஷன் 5க்குத் தனி மீடியா ரிமோட் இருக்கிறது. எச்டிஎம்ஐ-சிஇசி வசதியை இயக்கினால் டிவி ரிமோட்டே ஓரளவு வேலை செய்யும், ஆனால் எல்லா டிவிகளிலும் ஒரே மாதிரி அல்ல. ரிமோட்டின் விலையையும் சேர்த்தே வரவு செலவைப் போடுங்கள்.

டிவியின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்குவது அதிகம் பேர் செய்யும் தவறு. டார்ச் வெளிச்சத்தில் எச்டிஎம்ஐ துளைகளின் அருகே அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். நான்கு துளைகள் இருக்கலாம், ஆனால் பல டிவிகளில் நொடிக்கு 120 படச்சட்டங்களை 4கே தரத்தில் ஏற்பவை இரண்டுதான். அந்த இரண்டில் ஒன்றே ஒலிக்கான இஏஆர்சி துளையாகவும் இருக்கும். சவுண்ட்பார் (டிவிக்கு அடியில் வைக்கும் நீள ஒலிப்பெருக்கி) அதைப் பிடித்துக்கொண்டால் கன்சோலுக்கு மிஞ்சுவது ஒன்று. இரண்டாவது கன்சோலுக்கோ கணினிக்கோ இடமில்லை. கன்சோலைச் சவுண்ட்பார் வழியாக டிவிக்குக் கொண்டுபோகலாமே என்றால், அந்தச் சவுண்ட்பார் பழைய எச்டிஎம்ஐ 2.0 வகையாக இருந்தால் 4கே படம் நொடிக்கு 60 படச்சட்டங்களுக்கு மேல் போகாது.

பழைய ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டிலுமே ஆப்டிகல் ஒலி வெளியீடு இல்லை. கன்சோலிலிருந்து டிவிக்கும், டிவியின் ஆப்டிகல் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் சுற்றுவழியில் ஒலியைக் கொண்டுபோகலாம். ஆனால் சுருக்கப்பட்ட 5.1 (ஆறு ஒலிப்பெருக்கிகளுக்கான) ஒலிக்கு மேல் அந்த வழியில் வராது. தட்டில் இருக்கும் தரம் குறையாத ஒலியை டிவி வழியாகக் கொண்டுபோக வேண்டுமென்றால் இஏஆர்சி உள்ள கருவிகள் தேவை.

எல்லாம் பொருந்தியும் படம் சுமாராகத் தெரிந்தால், பெரும்பாலும் அமைப்புகளில்தான் கோளாறு. பல டிவிகளில் எச்டிஎம்ஐ துளை ஒவ்வொன்றுக்கும் உயர்தர சிக்னலைத் தனித்தனியாக இயக்க வேண்டும். கேம் மோடில் விளையாட்டு தாமதமின்றி ஓடும், ஆனால் அதே அமைப்பில் சினிமா பார்த்தால் நிறங்கள் மாறலாம். திரைப்படம் நொடிக்கு 24 படச்சட்டங்கள் கொண்டது. கன்சோல் அதை 60 ஆக அனுப்பும்போது ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுவதால் கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் சிறு குலுக்கல் தெரியும். எக்ஸ்பாக்ஸில் 24 ஹெர்ட்ஸை (நொடிக்கு 24 சட்டங்கள்) அனுமதிக்கும் அமைப்பு உண்டு. அதைத் தேடி இயக்குங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பலர் விளையாடும் நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். ஸ்ட்ரீமிங் குச்சிக்குச் சில வாட் போதும், பெரிய கன்சோல் அதே படத்தை ஓட்டப் பல மடங்கு இழுக்கும். தினம் நான்கு மணி நேரம் 50 வாட் என்று வைத்தால் மாதம் 6 யூனிட். எக்ஸ்பாக்ஸின் உறக்க நிலை 10 முதல் 15 வாட் வரை எடுக்கும், அது நாள் முழுக்க ஓடினால் மாதம் 7 யூனிட்டைத் தாண்டும். அதாவது யாரும் எதுவும் பார்க்காமலேயே படம் பார்த்ததைவிட அதிகம் செலவாகிவிடுகிறது. முழுமையாக அணையும் நிலைக்கு மாற்றினால் அது அரை வாட் அளவுக்கு இறங்கிவிடும். முதல் நாளே செய்ய வேண்டிய மாற்றம் இது. கதவு போட்ட அலமாரிக்குள் கன்சோலை அடைக்கவும் வேண்டாம். பின்புறம் வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் விசிறியின் இரைச்சல் படத்தின் அமைதியான இடங்களில் காதில் விழும்.

கடைசியாக, கன்சோல் வந்த மகிழ்ச்சியில் டிவியின் செயலிகளிலிருந்து வெளியேறிவிடாதீர்கள், பழைய ஸ்ட்ரீமிங் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிடவும் வேண்டாம். பெரிய விளையாட்டுகள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன, முதல் பிளேஸ்டேஷன் 5இல் பயனருக்குக் கிடைத்த இடமோ 667 ஜிபிதான். இடம் போதாதபோது எதையாவது நீக்க வேண்டிவரும். பெரிய அப்டேட் இறங்கும் மாலையில் இணைய வேகமும் குறையலாம். கன்சோல் பழுதுபார்க்கப் போகும் நாட்களும் வரும். அப்போது டிவியின் சொந்த ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் ஓட வேண்டும்.