புல்லட்டின் போர்டில் கோப்புப் பகுதிகளை அமைக்கும் முறை

ராயபுரத்தில் எங்கள் கேரம் மன்றத்தாருக்காகப் பழைய கணினி ஒன்றில் சிங்க்ரோநெட் மென்பொருளை (உறுப்பினர்கள் தங்கள் கணினியிலிருந்து நுழைந்து செய்திகளையும் கோப்புகளையும் பகிரும் புல்லட்டின் போர்டை நடத்துவது) நிறுவியபோது, செய்திப் பகுதிகளை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். கோப்புப் பகுதிகளை மட்டும் இரண்டு முறை கலைத்து அமைக்க வேண்டியதாயிற்று. முதல் முறை எல்லாவற்றையும் ஒரே டைரக்டரியில் (கோப்புகளை வைக்கும் ஃபோல்டரில்) கொட்டியதுதான் காரணம். ஆகவே மென்பொருளைத் திறப்பதற்கு முன், யார் எதைப் பார்க்கலாம், யார் எதைப் போடலாம் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிங்க்ரோநெட்டில் லைப்ரரி என்பது ஒரு பெரிய தலைப்பு. அதனுள் டைரக்டரிகள் அமையும். எஸ்சிஎஃப்ஜி என்னும் அமைப்பு நிரலில் ஃபைல் ஏரியாஸ் பகுதிக்குச் சென்று, முதலில் லைப்ரரியையும் பிறகு அதற்குள் டைரக்டரிகளையும் சேர்க்க வேண்டும். நாங்கள் டிரா ஷீட் (யார் யாருடன் ஆடுவது என்னும் அட்டவணை), விதிமுறைகள், ஆட்ட வீடியோ, நன்கொடைக் கணக்கு என நான்கு வைத்துள்ளோம். 2024-இல் புதுவண்ணாரப்பேட்டை ஆட்டக்காரர் காசிமா கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்றபின் பிள்ளைகள் படம்பிடிப்பது பெருகிவிட்டதால், வீடியோ டைரக்டரிக்கு மட்டும் தனி வட்டு ஒதுக்கினேன். ஒவ்வொரு டைரக்டரிக்கும் தரும் உட்குறியீட்டை, அதாவது மென்பொருள் அதை அடையாளம் காணும் சுருக்கப் பெயரை, பிறகு மாற்றாதீர்கள். கோப்புப் பட்டியல் அந்தப் பெயரில்தான் சேமிக்கப்படுகிறது என்பதால், மாற்றினால் கோப்புகள் வட்டில் இருந்தும் பட்டியல் காலியாகத் தெரியும்.

அடுத்தது அனுமதி. நுழைவு, பதிவேற்றம், பதிவிறக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிபந்தனைகள் உண்டு. 'லெவல் 50' என்பதை ஆங்கில எழுத்தில் இட்டால், பாதுகாப்பு நிலை (ஒவ்வொரு கணக்குக்கும் தரப்படும் எண்) 50 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டுமே வழி திறக்கும். நன்கொடைக் கணக்கின் நுழைவை நிர்வாகக் குழுவின் நிலைக்கு உயர்த்தினேன். இவற்றோடு 'வரவு' என ஐந்தாவது டைரக்டரி ஒன்றையும் வைத்தேன்: உறுப்பினர் எவரும் அதில் போடலாம், நான் மட்டுமே எடுக்கலாம். நான் பார்த்து நகர்த்திய பிறகே கோப்பு மற்றவர்களுக்குக் கிடைக்கும். இது இல்லாத நாட்களில் ஒருவர் தம் தங்கையின் கல்யாண வீடியோவை டிரா ஷீட்டுகளுக்கு நடுவே ஏற்றிவிட, வட்டு நிறைந்து, அரையிறுதி அட்டவணையை எவராலும் போட முடியாமல் போயிற்று. வட்டில் குறிப்பிட்ட அளவு இடம் மிஞ்சியிருந்தால்தான் பதிவேற்றம் நடக்கும் என்னும் அமைப்பையும் அன்றே முடுக்கினேன். வந்த கோப்பை வைரஸ் சோதனைக்கு அனுப்பும் கட்டளையையும் கோப்பு வகைவாரியாக இணைக்கலாம். அந்தக் கட்டளை பிழை எண்ணைத் திருப்பினால் கோப்பு ஏற்கப்படாது.

ஜிப் கோப்பினுள் ஃபைல்_ஐடி.டிஸ் என்னும் சிறு உரைக்கோப்பு இருந்தால் விவரக்குறிப்பு தானாக வந்துவிடும். மரபுப்படி வரிக்கு 45 எழுத்து, 10 வரி. பழைய முனையங்களின் (போர்டைத் திரையில் காட்டும் நிரல்களின்) சிபி 437 எழுத்துத்தொகுதியில் தமிழ் கிடையாது. ஆகையால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். தமிழ்க் குறிப்பு எழுதினால் பல மொழி எழுத்துகளையும் காட்டும் யூடிஎஃப்-8 முனையத்தில் மட்டுமே தெரியும்.

ஏற்கெனவே உள்ள கோப்புகளை ஃபோல்டரில் நகலெடுத்தால் மட்டும் போதாது. ஆட்ஃபைல்ஸ் நிரலை இயக்கினால்தான் அவை பட்டியலில் சேரும். லினக்ஸ் கணினியில் கோப்புப் பெயரின் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள்.

நிர்வாகி கணக்கில் எல்லாமே திறந்திருக்கும் என்பதால் அதிலிருந்து சோதிப்பதில் பயனில்லை. மிகக் குறைந்த நிலையில் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வேறொருவர் வீட்டு இணைப்பிலிருந்து நுழைந்து, 'வரவு' டைரக்டரியில் ஒரு கோப்பைப் போட்டு, அதையே பதிவிறக்க முயலுங்கள். மறுப்பு வந்தால், உறுப்பினர்களுக்கு முகவரியைக் கொடுக்கலாம்.