பெருவிடைக் கோழிக்கு அடையும் கட்டை தாழ்வாக இருக்கட்டும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெருவிடை என்னும் பெரிய நாட்டுக்கோழிகளை மேய்ச்சலில் விட்டு வளர்ப்பவர்கள் அவற்றின் கால்களைக் கவனியுங்கள். நன்றாக வளர்ந்த சேவல் 4, 5 கிலோ வரும். அந்த எடையோடு உயரத்திலிருந்து நம் ஊர்ச் செம்பராங்கல் தரையில் குதித்தால் அடிப்பாதம் கன்றிவிடும். மேயும் இடத்தில் சீமைக்கருவேல முள்ளும் குத்தினால் கேட்கவே வேண்டாம். புண் வழியாகக் கிருமி நுழைந்து, பாதம் வீங்கிச் சீழ் கட்டும், பாவம், நொண்டிக்கொண்டே மேயும்.

அதனால் இரவில் அடையும் கட்டையை ஒன்றரை அடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். மேல்பக்கம் தட்டையாக, 2 அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில், விளிம்பை இழைத்துவிட்டு வையுங்கள். வழவழப்பான மூங்கில் எனக்குப் பிடிப்பதில்லை, காலுக்குப் பிடிமானம் இருக்காது. கீழே நெல் உமி 3 அங்குலம் பரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உமி நனைந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை, கோழி அடைந்த பிறகு டார்ச் அடித்துப் பாதத்தைப் பாருங்கள், அந்த நேரத்தில் அவ்வளவாக முரண்டு பிடிக்காது. அடியில் கருப்பாகப் பொருக்குத் தெரிந்தால் நீங்களே கீறாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அப்புறம், கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.