வரலாற்று இடங்களுக்குப் போறீங்களா? முதல் தடவைன்னா இப்படிப் பண்ணிப் பாருங்க

டூர் போனா லிஸ்ட் போட்டு ஒரே நாள்ல ஏழெட்டு இடம் ஓடி ஓடி பாத்துட்டு, ராத்திரி ரூம்ல போனை எடுத்துப் பாத்தா எந்தத் தூண் எந்த அரண்மனைன்னே தெரியாம முழிக்கிறவங்களுக்குத்தான் இது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும், அதுலயும் முன்னாடியே முடிவு பண்ணி வெச்ச ஒரே ஒரு விஷயத்தை நின்னு பாருங்க, மத்தது கெடைச்சா லாபம்.

ஸ்டெப் 1: லீவு நாள்
தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை லீவு, பாரிஸ் லூவர் மியூசியத்துக்கு செவ்வாய். ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

ஸ்டெப் 2: டிக்கெட்
அங்க போய் வாங்கிக்கலாம்ங்கிறது இப்ப நிறைய இடத்துல நடக்காது. பெரு நாட்டு மலை மேல இருக்குற பழைய நகரம் மச்சு பிச்சுவோட டிக்கெட்லயே எத்தனை மணிக்கு உள்ள போகணும், எந்த ரூட்ல நடக்கணும்னு போட்டிருக்கும். ஸ்பெயின் அல்ஹம்ப்ரா கோட்டைல உள்ள இருக்குற நஸ்ரித் அரண்மனைக்கு மட்டும் தனி டைம், அதை விட்டா விட்டதுதான். இத்தாலி மிலான்ல டாவின்சியோட கடைசி இராவுணவு ஓவியத்துக்கு முன்னாடி 15 நிமிஷம்தான் நிக்க விடுவாங்க. அதனால அந்த இடத்தோட சொந்த வெப்சைட்லயே வாங்குங்க, தேடுனதும் மேல வர்ற விளம்பர லிங்க் எல்லாம் பெரும்பாலும் ஏஜென்ட்தான். பேரு பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே அடிங்க.

ஸ்டெப் 3: எதைப் பாக்கப் போறீங்க?
இதுக்குத்தான் நேரம் ஒதுக்கணும், ஆனா இதைத்தான் யாரும் பண்றதில்ல. கம்போடியா அங்கோர் வாட்டையே எடுத்துக்கோங்க, 12ஆம் நூற்றாண்டுல இரண்டாம் சூரியவர்மன் கட்டுன கோயில், அவ்ளோத்தையும் ஒரே நாள்ல பாக்கணும்னா தலை சுத்திடும். நானா இருந்தா கிழக்கு கேலரில (கோயிலைச் சுத்தி இருக்குற நீள மண்டபம்) தெற்குப் பக்கம் இருக்குற பாற்கடல் கடையற சிற்பத்தை மட்டும் குறிச்சு வெச்சுக்குவேன். கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம், நடுவுல விஷ்ணு, ஒரு பக்கம் 92 அசுரர், இன்னொரு பக்கம் 88 தேவர், எல்லார் கையிலயும் வாசுகி. இதெல்லாம் தூரத்துல இருந்தே தெரியும், நீங்க கிட்டப் போய் குனிஞ்சு கீழ இருக்குற கடலைப் பாருங்க, ஓரத்துல மீனும் முதலையும் முழுசா நீந்துது, மத்து இருக்குற நடுப்பக்கம் வர வர சுழல்ல சிக்கி துண்டு துண்டா வெட்டுப்பட்டுக் கெடக்கு. செதுக்குனவன் எவ்ளோ யோசிச்சிருக்கான்!

இன்னொன்னு, இந்தக் கோயில் மேற்கு பாத்தது, அதனால சூரிய உதயம் போட்டோ எடுக்குற கூட்டம் மேற்குப் பக்கக் குளத்துக்கிட்டதான் நிக்கும். காலை வெயில் நேரா விழறது அந்தச் சிற்பம் இருக்குற கிழக்கு கேலரில. ஒரு இடத்தோட பிளானை முன்னாடியே பத்து நிமிஷம் பாத்தா இந்த மாதிரி விஷயம் தானா புரியும்.

ஸ்டெப் 4: டிரஸ், செருப்பு, பை
வழிபாட்டு இடம்னா தோளும் முட்டியும் மூடியிருக்கணும். வழுக்காத செருப்பு. பை சின்னதா. அவ்ளோதான்.

ஸ்டெப் 5: தொடாதீங்க
ஒருத்தர் தொட்டா என்ன ஆகப் போகுதுன்னு தோணும், தொடவே வேணாம், மூச்சு விட்டதே போதும்னு ஆன கதை இருக்கு. பிரான்ஸ்ல லாஸ்கோ குகை ஓவியங்களை 1940ல கண்டுபிடிச்சாங்க, பாக்க வந்த கூட்டத்தோட மூச்சுக்காத்துலயும் ஈரத்துலயும் பாசி பிடிச்சு 1963ல குகையையே மூட வேண்டியதாப் போச்சு, இப்ப போறவங்க பாக்குறது நகலைத்தான். பிளாஷ் வேணாம்னு போர்டு இருந்தா ஆப் பண்ணிடுங்க, ட்ரோனுக்கு பெர்மிஷன் இல்லாம ஆசையே படாதீங்க.

ஸ்டெப் 6: கைடு
லைசென்ஸ் கார்டு இருக்கான்னு கேளுங்க, ரேட்டையும் நேரத்தையும் முதல்லயே பேசிடுங்க. அப்புறம் ஸ்டெப் 3ல நீங்க குறிச்சு வெச்சதைச் சொல்லி, "அங்க அரை மணி நேரம் நிக்கலாமா?"ன்னு கேளுங்க. அதுல என்ன இருக்கு, அஞ்சு நிமிஷம் போதும்னு சொன்னாருன்னா வேற ஆளைப் பாருங்க.