இறால் ஒரே அளவில் வளரவில்லையா?

முல்லைத்தீவுப் பக்கம் இறால் வளர்க்கிற, வளர்க்க யோசிக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு. தீனி ஒழுங்காகப் போகிறது, சாவும் இல்லை. ஆனால் வீசுவலையில் ஒன்று விரல் நீளம், பக்கத்தில் கிடப்பது அதில் பாதி. அப்படியென்றால் ஈ.எச்.பி. என்ற நுண்ணொட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். இறாலின் தலைக்குள் இருக்கிற, தீனியைச் செரிக்க வைக்கும் உறுப்பான ஈரல்கணையம்தான் அதன் குடியிருப்பு. அந்த ஒட்டுண்ணி பரவும் நுண்வித்து ஒன்றின் நீளம் ஏறக்குறைய 1 மைக்ரோமீற்றர், வெறுங்கண்ணுக்கு அகப்படாது. தண்ணீரில் வெள்ளை நூலாக எச்சம் மிதந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம், வேறு காரணங்களாலும் அது வரும். (சதை பஞ்சுபோல வெளுத்திருந்தால் அது வேறு ஒட்டுண்ணி.) சின்ன இறால்கள் சிலவற்றின் ஈரல்கணையத்தை 95 சதவீத எதனோலில் இட்டு பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனைக்குக் கொடுங்கள். வந்துவிட்டால் நிச்சயமான மருந்து கிடையாது. குஞ்சு வாங்க முதலே சோதித்துப் பார்ப்பது எவ்வளவோ மலிவு.