மியாட்டாவின் ஹார்ட்டாப்பைத் தனியாளாகக் கழற்றுவது எப்படி? கப்பியும் கயிறும் போதும்

மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா என்ற திறந்த காரின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் (1989 முதல் 2005 வரை) ஒரே ஹார்ட்டாப் (கழற்றி மாட்டக்கூடிய கெட்டிக் கூரை, சுருக்கமாக டாப்) பொருந்தும். எடை 20 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அகலம் அதிகம் என்பதால் ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் கைக்கு எட்டாது. தூக்கும்போது ஒரு முனை தாழ்ந்தால் போதும், டிக்கி மூடியின் பெயின்டில் கோடு விழுந்துவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். வண்டியைக் கராஜுக்குள் ரிவர்ஸில் ஏற்றி, முகம் கதவைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். டாப்பைத் தூக்கியபின் வண்டி முன்னோக்கி நகர்ந்தால் முன்கண்ணாடிச் சட்டம் டாப்பைவிட்டு விலகிப் போகும். டாப்பின் வால் பகுதிக்கு அடியில் நுழைய வேண்டியது தாழ்வான டிக்கி மட்டுமே, அதற்கு 20 செ.மீ. தூக்கினால் போதும். மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் முன்கண்ணாடியே வாலுக்கு அடியில் போகவேண்டும். அப்போது இரண்டு மடங்குக்கு மேல் தூக்கியாக வேண்டும். கராஜ் கதவு திறந்து கூரையோரம் படுக்கும் இடத்தையும் அளந்து பாருங்கள். தூக்கிய டாப் அதில் இடிக்கக் கூடாது.

தேவையானவை

இரட்டைக் கப்பி 2 (ஒன்றில் கயிற்று முனையைக் கட்டும் கண் இருக்கவேண்டும்), 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு 15 மீட்டர், சுவரில் பதிக்கும் கிளீட் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் பிடி) 1, 10 மி.மீ. மூடிய வளையப் போல்ட் 3, இரண்டு முனையிலும் கண் தைத்த 5 செ.மீ. அகலப் பட்டை 2 (தலா 3 மீட்டர்), 2x4 அங்குல மரச்சட்டம் சுமார் நாலரை மீட்டர், 8 மி.மீ. போல்ட், நட், வாஷர், ஒரு துண்டுச் சங்கிலி, ஒரு காரபைனர் (ஸ்பிரிங் மூடி உள்ள உலோக வளையம்).

நைலான் கயிறு நீளும், டாப் ஊஞ்சலாடும். மஞ்சள் பாலிபுரொப்பிலீன் கயிறு கிளீட்டில் வழுக்கும். டிரெய்லருக்கான பிரேக் வின்ச்சும் (கைப்பிடியைச் சுற்றிப் பாரம் இழுக்கும் கருவி) வேண்டாம். அதன் பிரேக் பிடிக்க ஓரளவு எடை தேவை, இந்த டாப்புக்கு அது போதாது.

கூரையும் சட்டமும்

ஜிப்சம் பலகையில் எதையும் மாட்டாதீர்கள். பரண் பக்கம் ஏறமுடிந்தால், மூன்று உத்திரங்களுக்குக் குறுக்கே மேலே ஒரு 2x6 கட்டையை வைத்துத் திருகி, அதில் துளையிட்டு வளையப் போல்ட்டைக் கீழிருந்து மேலே விட்டு, அகல வாஷர் போட்டு நட்டை இறுக்குங்கள். பக்கத்திலேயே இரண்டாவது போல்ட், அது பாதுகாப்புச் சங்கிலிக்கு.

டாப்பும் அதைத் தொங்கவிடும் மரச்சட்டமும் சேர்ந்து 30 கிலோ வரை வரும். இழுக்கும் கையின் விசையும் மேல் கப்பியில்தான் விழுவதால் கூரை வளையப் போல்ட்டில் 40 கிலோ என்று வையுங்கள். அதற்கு மேலாகவே சோதிப்பது நல்லது: 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்றைக் கட்டி (60 கிலோ) ஓர் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் போல்ட் அருகே மரத்தில் விரிசலோ, அசைவோ இருந்தால் அந்த இடம் உதவாது.

சட்டம் H வடிவம். நடுவில் 1 மீட்டர் கட்டை, இரு முனையிலும் குறுக்குக் கட்டை. குறுக்குக் கட்டையின் நீளம் டாப்பின் அகலத்தைவிட 20 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் பட்டைகள் உட்பக்கம் சாய்ந்து டாப்பின் விலாவை நெரிக்கும், பெயின்டையும் தேய்க்கும். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு போல்ட் போடுங்கள். ஒன்று மட்டும் என்றால் சட்டம் கத்தரிக்கோல் போல மடங்கும்.

நடுக்கட்டையில் 5 செ.மீ.க்கு ஒரு துளை. கீழ்க் கப்பியை மாட்டும் மூன்றாவது வளையப் போல்ட் அதில் ஏதோ ஒரு துளையில் உட்காரும். பின்கண்ணாடியால் டாப் பின்கனமானது, எனவே நட்ட நடுத்துளையில் மாட்டினால் வால் தாழும். ஒரு துளை பின்னால் தொடங்குங்கள்.

கயிறு மேல் கப்பியின் கண்ணில் தொடங்கி, கீழ், மேல், கீழ், மேல் என்று ஓடிக் கைக்கு வரும். நான்கு இழை சுமப்பதால் உராய்வோடு சேர்த்து 10 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். ஒரு மீட்டர் தூக்க நாலு மீட்டர் கயிறு இழுக்கவேண்டும், அவ்வளவுதான்.

கழற்றும் வரிசை

கூரை வளையப் போல்ட்டிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது டாப்பின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும்படி வண்டியை நிறுத்துங்கள். சக்கரம் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டால் அடுத்த முறை அளக்கவேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டு, இரண்டு ஜன்னல் கண்ணாடியையும் முழுக்க இறக்குங்கள்.

இருக்கைகளுக்குப் பின்னால், பின்கண்ணாடியைச் சூடாக்கும் வயரின் பிளக்கைப் பிரியுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். மறந்தால் டாப் மேலே போகும்போது வயர் கண்ணாடியோடு சேரும் இடத்தில் பிய்ந்துவிடும்.

முதல் பட்டை ஒரு ஜன்னல் வழியே நுழைந்து, டாப்பின் உட்பக்கம், அதை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டும் முன்கொக்கிகளுக்குச் சற்றுப் பின்னால் ஓடி, மறு ஜன்னல் வழியே வெளியேறட்டும். அதைச் சட்டத்தில் மாட்டித் தொய்வு போகும் அளவுக்கு மட்டும் கயிற்றை இழுங்கள். இப்போதே பாரம் ஏற்றினால், மாட்டியிருக்கும் கொக்கிகளுக்கு எதிராக டாப் முறுக்கிக்கொள்ளும்.

பிறகு பின்பக்கத்துப் பிடிகள் இரண்டு, கதவுக்குப் பின்னால் பக்கக் கொக்கிகள் இரண்டு, கடைசியாக முன்பக்கம் இரண்டு. ஆறும் திறந்ததா என்று கையால் தொட்டு எண்ணுங்கள். வாலை 3 செ.மீ. கையால் தூக்கித் துணி சுற்றிய மரத்துண்டை வைத்து, இரண்டாவது பட்டையை அடியில் நுழைத்துச் சட்டத்தில் மாட்டுங்கள். பட்டை விளிம்பைத் தொடும் இடங்களில் பழைய துண்டை மடித்து வையுங்கள். இரு பக்கமும் முன்பட்டையையும் பின்பட்டையையும் ஒரு கயிற்றால் இணைத்துக் கட்டுவது முக்கியம். கட்டாவிட்டால் பின்பட்டை வாலிலிருந்து நழுவி வெளியேறும்.

2 செ.மீ. தூக்கி நிறுத்துங்கள், சுற்றிவந்து நான்கு மூலையையும் பாருங்கள். சாய்ந்தால் இறக்கி வளையப் போல்ட்டைத் துளை மாற்றுங்கள். முன்விளிம்பு ரப்பர் வெயிலில் முன்கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். கயிற்றை அழுத்தி இழுத்துப் பிரிக்கப் பார்த்தால் சட்டென்று விடுபட்டுக் குதிக்கும். உள்ளே உட்கார்ந்து உள்ளங்கையால் மெல்ல மேலே தள்ளினால் "ச்ச்" என்று பிரியும்.

25 செ.மீ. ஏறியதும் கயிற்றைக் கிளீட்டில் எட்டு வடிவில் சுற்றி, பாதுகாப்புச் சங்கிலியை மாட்டுங்கள். ஹேண்ட்பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, வண்டியைக் கையால் முன்னே தள்ளுங்கள். இன்ஜின் வேண்டாம். கதவுப் பக்கம் தரை சரிவாக இருந்தால் முன்சக்கரத்துக்கு முன்னால் சற்றுத் தள்ளிக் கட்டை போட்டுவிட்டுத் தள்ளுங்கள்.

வண்டி வெளியேறியபின் டாப்பை இன்னும் மேலே ஏற்றி, சங்கிலியைச் சுருக்கி மாட்டுங்கள். அதன்பின் எடையைச் சங்கிலி தாங்கட்டும், கயிறு ஓய்வெடுக்கட்டும். தூசி படாமல் ஒரு பருத்தி விரிப்பு போதும். பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

திரும்ப மாட்டும் நாளில் ரப்பரைத் துடைத்து சிலிகோன் கிரீஸ் மெல்லத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். கொக்கிகளை மாட்டும்போது முன்பக்கம் முதலில், பின்பக்கம் கடைசியில். வயர் பிளக்கையும் மறக்கவேண்டாம்.