"ராஜினாமா எழுதிக் கொடுங்கள்" என்றால்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

தமிழ்நாட்டில் தனியார் கம்பெனிகள் ஆளை அனுப்பும்போது வேலைநீக்க உத்தரவை நேரடியாகக் கொடுப்பது அபூர்வம். சின்ன அறைக்குக் கூப்பிடுவார்கள். மேஜையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று, அதன்மேல் பேனா. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று அதில் ஏற்கெனவே இருக்கும். உங்கள் கையெழுத்துதான் பாக்கி. "டெர்மினேஷன்னு போட்டா அடுத்த வேலை கிடைக்காது, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்பார் எச்.ஆர்.

அதில் கையெழுத்துப் போட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்களாக விலகியவர் ஆகிவிடுவீர்கள். நோட்டீஸ் சம்பளம், ஆட்குறைப்பு இழப்பீடு, மேல்முறையீடு மூன்றும் கைநழுவும். அங்கேயே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "நகல் கொடுங்கள், வீட்டில் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம், பின்னால் அதையே ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவார்கள். நகல் தர மறுத்தால் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணி, என்ன சொன்னார்கள் என்பதை வெளியே வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவே உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எச்.ஆருக்கும் மேலாளருக்கும் நாலு வரி போகட்டும்: "இன்று மாலை 4 மணிக்கு என்னை அழைத்து ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திடச் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை. வேலைசெய்யத் தயாராக இருக்கிறேன். நீக்குவதாக இருந்தால் காரணத்துடன் எழுத்தில் கொடுங்கள்." மறுநாள் அதையே அச்செடுத்து விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அனுமதி அட்டை முடக்கப்பட்டிருந்தாலும் ஒருமுறை வாசல்வரை போய், உள்ளே விடவில்லை என்று இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இல்லாவிட்டால் "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று கதை மாறும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றா? அன்றைக்கே, முடிந்தால் அவர்கள் ஏற்றுக்கொண்டு பதில் அனுப்புமுன், "கட்டாயத்தின் பேரில் போட்டது, திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதுங்கள். நாள் கடக்கக் கடக்க அந்தக் கட்டாயத்தை நிரூபிப்பது கடினமாகும்.

லேப்டாப்பை ஒப்படைக்குமுன் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஊதிய உயர்வுக் கடிதங்கள், வருடாந்திர மதிப்பீடுகள், வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் தரவு, நிரல், விலைப்பட்டியல் எதையும் தொடாதீர்கள். அப்படி ஒரு கோப்பு உங்கள் மின்னஞ்சலுக்குப் போயிருந்தால், இல்லாத ஒழுங்கீனக் குற்றச்சாட்டுக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். பலர் மறப்பது சிம் கார்டு. பி.எஃப். கணக்கு, ஆதார், வங்கி எதிலாவது கம்பெனி கொடுத்த எண் இருந்தால் முதல் வேலையாகச் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். எண் போய்விட்டால் ஓடிபி வராது, பி.எஃப். பணமும் நகராது.

இனி எங்கே முறையிடுவது என்பது. கடை, அலுவலகம், மென்பொருள் நிறுவனம் ஆகியவற்றில் வேலைசெய்தவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 41ஆம் பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதம் வேலைசெய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும், அல்லது அதற்கு ஈடான சம்பளமும், இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்தி, அதற்கென்று பதிவான சாட்சியத்தால் நிரூபித்திருக்க வேண்டும். நீக்கியது தவறு என்றால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கெடு 30 நாள்தான். நல்ல வழக்குகள் பல இந்தக் கெடுவில்தான் செத்துப்போகின்றன. "எச்.ஆர். பேசிக்கிட்டு இருக்காங்க, பார்த்துச் சொல்றேன்னாங்க" என்று காத்திருந்தே ஐந்தாவது வாரம் வந்துவிடும். எழுத்தில் உத்தரவு வராவிட்டாலும் வேலையை நிறுத்திய நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். 10 நாளுக்குள் வக்கீலையோ தொழிற்சங்கத்தையோ பாருங்கள். நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இந்த வழி இல்லை. ஆனால் பதவியின் பெயரில் 'மேனேஜர்' என்று இருப்பதாலேயே ஒதுங்கிவிடாதீர்கள். ஆளை எடுக்கவும் நீக்கவும் தண்டிக்கவும் உண்மையில் உங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதே கேள்வி.

தொழிற்சாலையில் வேலை என்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரிதான் முதல் வாசல். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் இதற்கான கெடு 2 ஆண்டு. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் நிர்வாகப் பணியில் இருப்பவரும் அதன்படி தொழிலாளி அல்ல. ஓராண்டு தொடர்ந்து வேலைசெய்த தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் கொடுக்க வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். "ஃபைனல் செட்டில்மென்ட் 45 நாள் ஆகும்" என்பது கம்பெனிகளின் வழக்கமே தவிர சட்டம் அல்ல. நீக்கினாலும் நீங்களே விலகினாலும் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெற நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு சேவை வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடிந்திருந்தாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 4 ஆண்டு 9 மாதத்தில் அனுப்பப்பட்டவர்கள் இதைச் சொல்லிக் கேளுங்கள். கணக்கு இப்படி: கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஊதியம் 26,000, சேவை 7 ஆண்டு 8 மாதம் என்றால், 6 மாதத்துக்கு மேற்பட்டது முழு ஆண்டாக எண்ணப்படுவதால் 8 ஆண்டு. 15,000 பெருக்கல் 8, ஆக 1,20,000 ரூபாய். இங்கே ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும். மற்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் இதில் சேரும். அடிப்படையை மட்டும் குறைத்து வைத்திருக்கும் கம்பெனிகளில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும், சரிபாருங்கள்.

செட்டில்மென்ட் தாளில் "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரி இருந்தால், கையெழுத்துக்கு மேலே "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று கையாலேயே எழுதுங்கள். அதைப் படமெடுத்த பிறகே திருப்பிக் கொடுங்கள்.

பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் வரவு விழுந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட மாதம் இருந்தால், சம்பளச் சீட்டோடு பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் செய்யுங்கள். விலகிய தேதியைக் கம்பெனி பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் நீங்களே பதியலாம். வேறு வழி இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்காதீர்கள். 5 ஆண்டுக்குள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். 10 ஆண்டு சேர்ந்தால் வரும் ஓய்வூதியத் தகுதியும் அடிபடும்.

கம்பெனி எடுத்துக்கொடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். வீட்டில் சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர் இருந்தால் அந்த நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, தனிநபர் பாலிசிக்கு மாற்றித்தரக் கேளுங்கள். புதிதாக எடுத்தால் பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும். ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவர்கள் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்புக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. மருந்தகத்தில் "வேலையில இல்லையே" என்று திருப்பி அனுப்பினால், கிளை அலுவலகத்துக்குப் போய் உங்கள் பங்களிப்பு விவரத்தை அச்செடுத்து வாங்கி வந்து காட்டுங்கள்.